நாயை 'அவள்' என்று எழுதலாமா?

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்துக்கு இருபது வருஷமாக மெய்ப்புத் திருத்திக் கொடுக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கொடை நோட்டீஸ், கல்லூரி மலர் என்று எல்லாம் வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சிற்றிதழும் வரும். அதில் காசு குறைவு, வேலை அதிகம். ஆனாலும் தாள்கட்டிலிருந்து அதைத்தான் முதலில் உருவுவேன்.

2025 பிப்ரவரியில் மெய்ப்புக்கு வந்த இதழில் போஸ்ட்ஹியூமனிசம் என்ற சிந்தனைப் போக்கைப் பற்றிப் பதினான்கு பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை இருந்தது. அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் ஒரு பெண் மொழிபெயர்த்திருந்தார். டோனா ஹாரவே என்ற சிந்தனையாளர் தன் நாயைப் பற்றிச் சொல்வதும் அதில் வரும். திருத்தி அனுப்பிய மூன்றாம் நாள் போன் வந்தது.

"அண்ணாச்சி, ஹாரவேயோட நாயை எல்லா இடத்துலயும் 'அது'ன்னு மாத்தி வச்சிருக்கீங்க. நான் வேணும்னுதான் 'அவள்'னு போட்டேன்."

"நாய் அஃறிணைதானம்மா."

"சரி அண்ணாச்சி. அப்போ நாப்பத்திரண்டாம் பக்கத்துல காந்திமதி மட்டும் எப்படி 'அவள்'?"

எடுத்துப் பார்த்தேன். நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி ஜனவரியில் இறந்ததைப் பற்றி அரைப்பக்க அஞ்சலிக் குறிப்பு. 'அவள் விழுந்தாள்', 'அவளால் எழ முடியவில்லை', 'அவளை அடக்கம் செய்தார்கள்.' நான்தான் திருத்தினேன். இரண்டு ஒற்றுப்பிழையைக் கூடப் பிடித்திருக்கிறேன். ஆனால் அந்த 'அவள்' என் கண்ணில் உறுத்தவே இல்லை.

மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. ஆனால் அந்தக் கட்டுரையை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன், இந்தத் தடவை பிழை பார்க்காமல்.

போஸ்ட்ஹியூமனிசத்தைச் சிலர் 'பின்மனிதவாதம்' என்று எழுதுகிறார்கள். ஏதோ மனிதர்கள் செத்து ஒழிந்த பிறகு நடக்கிற கதை மாதிரி ஒலிக்கும். மூளைக்குள் சில்லு பதித்துக்கொண்டு சாகாமல் வாழ்கிற பணக்காரர்களின் கனவு என்று நினைக்கிறவர்களும் உண்டு. அது வேறு கடை. மனிதனை இன்னும் பெரிதாக ஊதுகிற கனவு அது. போஸ்ட்ஹியூமனிசம் பேசுகிறவர்கள் கேட்பது அதற்கு நேர் எதிரான கேள்வி: மனிதன் என்ற ஒன்றைத் தனியே எடுத்து, நடுவில் நிறுத்தி, மற்றதையெல்லாம் சுற்றிலும் அடுக்கியது யார்? எப்போது?

கேள்வி புதிதல்ல. கடற்கரை மணலில் வரைந்த முகம் அலையில் அழிவதுபோல 'மனிதன்' என்ற கருத்தும் அழிந்துபோகலாம் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ 1966இலேயே எழுதிவிட்டார். டோனா ஹாரவே 1985இல், பாதி உயிர் பாதி எந்திரமான சைபார்க் பற்றிய அறிக்கையை எழுதினார். உடலிலிருந்து தகவலைப் பிரித்து எடுத்து எங்கு வேண்டுமானாலும் ஊற்றலாம் என்ற நினைப்பை 1999இல் இலக்கிய ஆய்வாளர் கேத்தரின் ஹேய்ல்ஸ் கேள்வி கேட்டார். 2013இல் தத்துவவாதி ரோசி பிரைடோட்டி இதை மானுடப் புலப் படிப்புகளுக்கான ஒரு முழுத் திட்டமாகவே விரித்தார். இலக்கியம், வரலாறு, மானிடவியல், சட்டம் என்று ஒவ்வொரு துறையிலும் இப்போது இதற்கு ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். ஹாரவே மட்டும் சைபார்க்கை விட்டுவிட்டு நாய்க்கு வந்துவிட்டார். கேயன் பெப்பர் என்ற தன் நாயோடு ஓடியாடிப் பழகியதை வைத்தே 2003இலும் 2008இலும் புத்தகம் எழுதினார். நம்முடைய சண்டை அந்த நாயைப் பற்றியதுதான்.

ஆங்கிலத்தில் இவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. மனிதரல்லாத எதையும் பொருளைச் சொல்வதுபோலச் சொல்ல அந்த மொழி தூண்டுகிறது. ராபின் வால் கிம்மரர் என்ற தாவரவியலாளர், பொட்டவாட்டமி பழங்குடியைச் சேர்ந்தவர், தன் முன்னோரின் மொழியில் மரமும் பறவையும் உயிருள்ளவையாகவே இலக்கணத்தில் இருக்கின்றன என்று எழுதுகிறார். அதனால் ஆங்கிலத்துக்கு ஒரு புதுப் பிரதிப்பெயரையே முன்மொழிந்தார். ஒருமைக்கு 'கி', பன்மைக்கு 'கின்'. ஆங்கிலத்தில் 'கின்' என்றால் உறவுக்காரர்கள். அழகான யோசனைதான். யாராவது பேச்சில் அதைப் பயன்படுத்துகிறார்களா என்பது வேறு விஷயம்.

நம் கதை இன்னும் நெருக்கடியானது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பாவே எல்லைக்கல் நடுகிறது: 'உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.' மக்கள் உயர்திணை, மிச்சமெல்லாம் அஃறிணை. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வந்தது யார் என்று முடிவு கட்டாமல் வினைமுற்றை முடிக்கவே விடாது இந்த மொழி. மேலைநாட்டுத் தத்துவவாதிகள் நூல் எழுதிக் கண்டுபிடிக்கிற வேலியை நாம் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் கட்டிக்கொண்டு திரிகிறோம்.

ஆனால் வேலி போட்டவர்களே அதில் ஒரு தொறப்பும் வைத்தார்கள். கல்லூரியில் மனப்பாடம் செய்த நன்னூல் சூத்திரம்:

'உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும்
இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.'

மகிழ்ச்சி, மதிப்பு, சிறப்பு, கோபம், இழிவு. இந்த ஐந்தில் எதாவது ஒன்று நெஞ்சில் இருந்தால் திணை மாறிப்போவது குற்றமில்லை. உவப்புக்கு நாங்கள் படித்த உதாரணம் ஒரு பசு. பசுவைப் பார்த்து ஒருவன் 'என் அம்மை வந்தாள்' என்கிறான். வழுதான், ஆனால் வழுவமைதி.

காந்திமதியும் அப்படித்தான் என் கண்ணைத் தாண்டிப் போயிருக்கிறாள். (பாருங்கள், இப்போதும்.)

திருநெல்வேலி டவுனில் வளர்ந்த யாருக்கும் இது புரியும். நாற்பது வருஷத்துக்குப் பக்கமாக அந்தக் கோயிலில் நின்ற யானை. அம்பாள் பெயரே யானைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு வாழைப்பழத்தை நீட்டிவிட்டு ஓடிய பிள்ளைகள் இன்று பேரன் எடுத்துவிட்டார்கள். கடைசிக் காலத்தில் மூட்டுவலி. 2022இல் பக்தர்கள் சுமார் 12,000 ரூபாய் செலவில் தோல்செருப்பு செய்து போட்டார்கள், கல்தரை உறுத்தக்கூடாது என்று. 2025 ஜனவரியில் படுத்தது எழுந்திருக்கவில்லை. கிரேன் கொண்டுவந்து தூக்கியும் நிற்க முடியவில்லை. வயது 56. அன்று ரதவீதி டீக்கடையில் யாரும் 'யானை இறந்துட்டு' என்று சொல்லவில்லை. 'காந்திமதி போயிட்டா, வே' என்றுதான் சொன்னார்கள்.

கண் கலங்குகிற விஷயம்தான். அடுத்த வரியை எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்தச் செருப்பு ஏன் தேவைப்பட்டது? காட்டில் மண்ணை மிதித்து நடக்கவேண்டிய கால், கருங்கல்லின் மேல் சங்கிலியோடு நின்ற கால். 'அவள்' என்று கூப்பிட்டவர்கள்தான் அங்கே நிறுத்தியும் வைத்தோம். உயர்திணை விகுதி ஒரு சங்கிலிக் கண்ணியையும் கழற்றவில்லை.

ஹாரவேயின் நாய்ப் புத்தகங்களில் எனக்குப் பிடித்ததும் இதுதான். நிபந்தனையில்லாத அன்பு காட்டுகிற பிள்ளையாக நாயைப் பார்க்கிறவர்கள்மேல் அவருக்குக் கோபம் வருகிறது. நாயைக் குழந்தை என்று கொஞ்சினால் அது நாய்க்கும் கெடுதல், குழந்தைக்கும் கெடுதல் என்கிறார். கூட வாழ்கிற உயிர் என்றால் அதற்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், பதில் சொல்லவேண்டும். அது வேலை. நன்னூலார் ஐந்து காரணம் சொன்னார். 'கடமையினும்' என்று ஆறாவதாக ஒன்று சொல்லவில்லை.

இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பேச்சு எடுத்தால் உடனே ஒருவர் எழுந்து 'இதெல்லாம் நம்மகிட்ட எப்பவோ இருக்கு' என்பார். புல்லும் மரனும் ஓரறிவினவே என்பார். ஆற்றைத் தாய் என்கிறோம் என்பார். கைதட்டும் கிடைக்கும். எனக்கு அந்தக் கைதட்டல் ஒட்டுவதில்லை.

ஓரறிவு விஷயம் உண்மையிலேயே பெரிது, அதை மறுக்கவில்லை. ஹேய்ல்ஸ் 2017இல் எழுதிய நூலில், அறிதல் என்பது விழிப்புணர்வோடு நடக்கிற சிந்தனை மட்டுமல்ல, தாவரமும் சூழலைப் படித்து அர்த்தப்படுத்திக்கொள்கிறது, அதுவும் ஒருவகை அறிதல்தான் என்கிறார். புல்லுக்குத் தொடுவுணர்வையே 'அறிவு' என்ற சொல்லால் கொடுத்த தொல்காப்பிய மரபியலை அவர் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் ஆற்றைத் தாய் என்கிற கதைக்கு நான் பாபநாசம் தாமிரபரணிப் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பரிகாரம் செய்தவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். வேட்டி, சேலை, சட்டை. தண்ணீர் குறைந்த மாதத்தில் கல்லில் சுற்றிக் கிடக்கும். குளிக்கிறவன் காலைப் பிடிக்கும். ஜேன் பென்னட் என்ற அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் 2010இல் எழுதிய நூலில் பால்டிமோர் நகரத்துச் சாக்கடை வாயில் கிடந்த ஒரு கையுறை, செத்த எலி, பாட்டில் மூடி, குச்சி, பூந்தாது ஆகியவற்றைப் பார்த்துத் திகைத்து நின்றதைச் சொல்கிறார். பொருளுக்கும் ஒரு வலு இருக்கிறது, அது தன்பாட்டில் காரியம் செய்கிறது என்பது அவர் வாதம். பாபநாசத்தில் ஒரு தடவை குளித்தவனுக்கு இந்த வாதத்தை விளக்கவேண்டிய அவசியம் இல்லை. பாவத்தைத் துணியில் விட்டுவிட்டதாக ஒருவன் நினைத்து ஊருக்குப் போய்விடுகிறான். துணி போகவில்லை.

ஆறும் சும்மா இருப்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் எண்ணூறு பேரோடு செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்ணீருக்கு நடுவே நின்றது. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எங்கள் ஊரில் வெள்ளத்தை அளப்பது வழக்கம். அன்று அளக்க ஒன்றும் வெளியே தெரியவில்லை. சிந்துபூந்துறையில் என் சிநேகிதன் வீட்டில் இடுப்பளவு. மாடியில் நின்றுகொண்டு அவனுடைய அம்மா சொன்னது: "அவ இடத்துக்கு அவ வந்திருக்கா. நாமதான் நடுவுல வந்து வீடு கெட்டிருக்கோம்."

நன்னூலின் ஐந்தில் இது எதில் சேரும்? உவப்பா, செறலா? உயர்வும் பயமும் கலந்த ஒன்று. பயத்துக்குத் தனிப்பெயர் கொடுத்திருக்கலாம் பவணந்தியார்.

சட்டமும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நியூசிலாந்தில் வாங்கனுயி ஆற்றை 2017 மார்ச்சில் சட்டப்படி ஒரு நபராக அறிவித்தார்கள். அதே மாதத்தில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் அப்படி அறிவித்தது. சில மாதத்திலேயே உச்சநீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை, இயற்கை அன்னைக்கே உயிருள்ள நபர் என்ற தகுதியைக் கொடுத்தது. மேகமலைக் காட்டு நிலத்துப் பட்டா விவகாரத்தில் வந்த தீர்ப்பு அது. நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. சுவாமி பேரில் நிலம் இருக்கிற நாடு இது. சட்டத்தின் கண்ணுக்குச் சுவாமி மைனர். அவருக்காக வேறு ஒருவர்தான் வழக்காடவேண்டும். தாமிரபரணிக்கும் நபர் தகுதி கிடைத்தால் யார் அவளுடைய கார்டியன்? கழிவுநீரை அவளுக்குள் விடுகிற அதே ஆட்களா? இந்தக் கேள்விக்கு அந்தப் பதினான்கு பக்கத்தில் பதில் இல்லை.

அந்தக் கட்டுரையில் நான் இரண்டு தடவை திரும்பப் போய் வாசித்த பகுதி வேறு. சில்வியா வின்டர் என்ற ஜமைக்காவைச் சேர்ந்த சிந்தனையாளர் பற்றியது. ஐரோப்பா 'மனிதன்' என்று சொன்னபோது, தன்னைப் போன்ற ஒருவனைத்தான் சொன்னது, அந்த ஒருவனையே மனிதகுலம் முழுவதுக்கும் பேராக வைத்துவிட்டது என்பது அவர் சொல்வது. மனிதனைத் தாண்டிப் போகலாம் என்று இப்போது கூப்பிடுகிறீர்களே, எங்களை இன்னும் அதற்குள்ளேயே சேர்க்கவில்லையே என்று கறுப்பினச் சிந்தனையாளர்கள் கேட்கிறார்கள். சாக்கியா இமான் ஜாக்சன் 2020இல் எழுதிய நூலில் இதை இன்னும் ஒரு படி தள்ளுகிறார். கறுப்பர்களை மனிதருக்கு வெளியே தள்ளினார்கள் என்பதோடு கதை முடியவில்லை. வேண்டியபோது மனிதராகவும் வேண்டியபோது விலங்காகவும் களிமண்போல வளைத்துக்கொண்டார்கள் என்கிறார்.

அதை வாசிக்கும்போது எனக்கு ஆச்சி வீட்டுத் தொழுவம் ஞாபகம் வந்தது.

ஆச்சி வீடு அம்பாசமுத்திரம் பக்கம். ஒரு பசு, பெயர் லெட்சுமி. விடியக்காலையில் ஆச்சி தொழுவத்துக்குப் போகும்போதே பேச்சு தொடங்கிவிடும். "என்னட்டி, ராத்திரி பூரா கத்துனே? கோவமா?" லெட்சுமி வந்தா, லெட்சுமி தின்னா, லெட்சுமிக்கு மேலுக்குச் சுகமில்லை. நன்னூல் உதாரணம் நடந்து வந்தமாதிரி. அந்தப் பசுவைக் குளிப்பாட்ட, சாணி அள்ள, புல் அறுத்துவர ஒருவர் வருவார். ஆச்சியைவிட மூத்தவர். தலை முழுவதும் வெள்ளை. பின்வாசல் வழியாகத்தான் வருவார். வந்ததும் ஆச்சி என்னிடம் சொல்வாள்: "ஏல, அது வந்திருக்கு. செரட்டையில காப்பித்தண்ணி ஊத்து."

அது.

எனக்கு அப்போது எட்டு வயது. பசு 'அவ', மனுஷன் 'அது'. ஒரே தொழுவம், ஒரே வாய், ஒரே மூச்சு. உவப்பினால் ஒன்று மேலே போயிற்று, இழிப்பினால் ஒன்று கீழே வந்தது. சூத்திரத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில்தான் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே 'இயல்பே'. மரபியலிலும் அப்படித்தான். 'மக்கள் தாமே ஆறறி வுயிரே' என்று மேடையில் முழங்குகிறவர்கள், அதற்கு முந்திய நூற்பாவில் 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்று விலங்கோடு ஒரு கூட்டத்து மனிதரையும் சேர்த்து வைத்திருப்பதை விட்டுவிடுவார்கள்.

லெட்சுமி செத்த அன்று ஆச்சி அழுதாள். அழுதுகொண்டே "தூக்கிட்டுப் போகச் சொல்லு" என்றாள். செத்த பிறகு லெட்சுமியும் 'அது' ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டு போக வந்ததும் அவர்தான்.

காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருந்தபோது இதை நினைத்துக்கொண்டேன். அங்கே பட்டவராயனுக்குச் செருப்புதான் காணிக்கை. பட்டவராயன் என்பது முத்துப்பட்டன்தான். பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்று இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்து, குடுமியை அறுத்து, மாமனாரோடு உட்கார்ந்து தோல் வேலை பழகியவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இன்று சாமி. காணிக்கையாகப் போட்ட செருப்பை மறுவருஷம் பார்த்தால் யாரோ போட்டு நடந்ததுபோலத் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பென்னட்டின் கையுறையைவிட இந்தச் செருப்பில் எனக்கு விஷயம் அதிகம். செத்த மாடு, அதைத் தூக்கிய ஆள், உரித்துப் பதப்படுத்திய கை, காட்டில் நடக்கிற சாமி எல்லாம் ஒரே தோலில் இருக்கிறார்கள். இதில் எது உயர்திணை என்று அவன் கதையைப் பாடுகிற வில்லுப்பாட்டுக்காரர் நிறுத்திக் கேட்பதில்லை. பாட்டு ஓடிவிடுகிறது. வில்லடி முடிந்து ஊருக்கு வந்த பிறகு மறுபடியும் 'அது'தான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இடையில் ஒன்று. எங்கள் அச்சக முதலாளி இப்போது கணினியில் சாட்ஜிபிடியிடம் பேசுகிறார். "கேட்டேன், நல்லாத்தான் சொல்லுதான்" என்கிறார். அவருடைய மகன் 'சொல்லுது' என்கிறான். மகளுக்கு 'சொன்னாங்க'. ஒரு வீட்டுக்குள் மூன்று விகுதி. ஹேய்ல்ஸ் 2025இல் எழுதிய புத்தகத்தில் பாக்டீரியாவிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறாராம். முதலாளிக்கு அந்தக் கவலை இல்லை. என் கூலியை மிச்சம் பிடிக்கலாமா என்றுதான் அவர் 'அவனிடம்' கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். போகட்டும்.

மறுநாள் ஆய்வாளரைக் கூப்பிட்டேன். நாய்க்கு 'அவள்' இருக்கட்டும் என்றேன்.

"ஏன் அண்ணாச்சி மனசு மாறிட்டீங்க?"

"மாறல. ஆனா நீங்க மூணாவது பக்கத்துல 'பழங்குடிகள் வேட்டையாடின'ன்னு போட்டிருக்கீங்க. அதை முதல்ல 'வேட்டையாடினர்'னு மாத்திக்கறேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஐயோ" என்றார். நானும் முதல் தடவை அதை விட்டிருந்தேன். நாயை மட்டும் பிடித்திருக்கிறேன்.

இதழ் ஏப்ரலில் வந்தது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தபோது ஆச்சி வீட்டுக்கு வந்த அவருடைய பெயரைக் கேட்கலாம் என்று அம்மாவுக்குப் போன் போட்டேன். பெயரை இங்கே எழுதுவதற்காக இல்லை, எனக்காவது தெரிந்திருக்கட்டுமே என்றுதான். அம்மாவுக்கு எழுபத்தெட்டு. லெட்சுமியைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டாள். எந்தச் சந்தையில் வாங்கினது, எத்தனை ஈற்று, முதல் கன்று செவலை, பெயர் மீனாட்சி, இரண்டாவது காளை, அதை விற்ற அன்று ஆச்சி சாப்பிடவில்லை, மூன்றாவது வெள்ளச்சி. வரிசையாகச் சொன்னாள்.

"அந்தத் தொழுவத்துக்கு வருவாரேம்மா, ஒரு தாத்தா. வெள்ளைத் தலை. அவர் பேரு என்ன?"

யோசித்தாள். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அது பேரா? என்னமோ சொல்லுவாவளே..."